பாலத்தடியிலிருந்து இரண்டு டிக்கெட்

காரைக்கால்,
18 மார்ச் 1947

அன்புள்ள அத்தானுக்கு,

கப்பலில் பாதி நாள் வாந்தி, பாதி நாள் அழுகை என்று ஒருவழியாக வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது உண்மைதான். படுக்கையிலேயே எல்லாம். ஆனாலும் வாய்க்கு ஒரு குறைவும் இல்லை. நான் உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அவர தனியாவா உட்டுட்டு வந்தே?" என்பதுதான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் அதே நினைப்பாக இருக்கிறது.

சைகோனில் குண்டு வெடிக்கிறது, நீ ஊரில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று சொல்லி என்னைக் கப்பலேற்றினீர்கள். உங்களுக்கு இப்போது தூக்கம் வருகிறதா? எனக்கு வரவில்லை. அதிலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கின்றன. அங்கே இருந்திருந்தால் அந்த நேரம் தி ஆன் ரயிலடியில் இறங்கியிருப்போம். ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து, காட்டைக் கடந்து, தோங் நாய் ஆற்றங்கரையோடு வந்து, பாலத்துக்கு முந்தின அந்தக் குட்டி ரயிலடியில் சாயங்கால வண்டி பிடித்திருப்போம். நாம் பாலத்தடி என்று பெயர் வைத்த அந்த ரயிலடியின் நிஜப் பெயர் எனக்கு இப்போதுகூட நினைவில் இல்லை. ஒன்பது வருஷம் அப்படி நடந்தோம். சப்பான்காரன் வந்தபோதும் விடவில்லை, அவன் போய் வெள்ளைக்காரன் திரும்ப வந்தபோதும் விடவில்லை. பட்டாளத்துச் சொல்தாக்களுக்கு நாம் பிரஞ்சுக் காகிதம் வைத்திருக்கிறவர்கள். காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடுகிறவர்களுக்கு, காசு கொடுத்து ரயிலேறிக் கால் வலிக்க நடக்கிற பைத்தியங்கள். அதனால்தான் இரண்டு பேரும் நம்மை விட்டுவைத்தார்கள்.

நீங்கள் நடப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் தனியாக நடக்க வேண்டும். ஆபீஸ் நண்பர், அவருடைய தங்கை, தங்கையின் தோழி என்று யாரும் அந்தப் பாதைக்கு வரக் கூடாது. பாலத்தடியில் வாங்கும் டிக்கெட்டை வாரா வாரம் எடுத்து வைத்து எனக்கு அனுப்புங்கள். சைகோன் ரயிலடியின் வெளிவாசலில் பயணிகளிடம் டிக்கெட் வாங்கும் கருப்பையா அண்ணன், அப்பாவோடு வேலை பார்த்த பாசத்தில் நம் டிக்கெட்டை மட்டும் மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவாரே, இன்னமும் கொடுப்பார். ஒட்டி வைக்கிற நோட்டை நான் கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

ஆற்றங்கரையில் நான் காலை நனைத்துக்கொண்டு உட்காருகிற கல்லை விசாரித்ததாகச் சொல்லவும்.

பொலேத்

*

சைகோன்,
5 மே 1947

அன்புள்ள பொலேத்,

உன் கடிதம் வந்தது. தூக்கம் வருகிறதா என்று கேட்டிருக்கிறாய். வருகிறது, ஆனால் கட்டிலின் ஒரு ஓரத்திலேயே வருகிறது. மறு ஓரத்துக்கு உருண்டால் நீ திட்டுவாய் என்ற பயம் இன்னும் விடவில்லை.

ஆறு டிக்கெட் இதோடு வைத்திருக்கிறேன். ஈஸ்டர் அன்று மட்டும் நாள் முழுக்கக் கோவிலில் இருந்ததால் நடக்கவில்லை. கருப்பையா அண்ணன் ஒவ்வொரு முறையும் மூலையை வெட்டும்போது, "தங்கச்சி எப்ப வருது?" என்று கேட்கிறார். அம்மா எழுந்து நடக்கட்டும் என்கிறேன்.

மழை ஆரம்பித்துவிட்டது. ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் அட்டைகள் காலில் ஏறுகின்றன. நீ காலில் தடவிவிடுகிற புகையிலைத் தண்ணீர் இல்லாததால் அவற்றுக்குக் கொண்டாட்டம். நீ பெயர் வைத்த சாமியார் மரம் ஒரு கிளையை இழந்து நிற்கிறது. குண்டா, காற்றா என்று தெரியவில்லை. உன் கல் அப்படியே இருக்கிறது. பாதி தண்ணீருக்குள் போய்விட்டது.

ஓடை தாண்டும் இடத்தில் படகுக்காரி சீ சாவ் உன்னைக் கேட்டாள். மதாம் எங்கே, அடித்துத் துரத்திவிட்டாயா என்றாள். அவள் புருஷன் ஊரில் இல்லை, காட்டுக்குள் போய்விட்டான் என்று நினைக்கிறேன். மார்ச்சில் பார்த்தபோது நிறைமாதமாக இருந்தாள். இப்போது பெண் குழந்தை, சுகமாக இருக்கிறது.

நீ இல்லாமல் பேசிக்கொண்டு நடக்க ஆள் இல்லை. சில சமயம் சத்தமாகவே உன்னிடம் பேசிவிடுகிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

கஸ்தோன்

*

காரைக்கால்,
9 ஜூன் 1947

அத்தான்,

டிக்கெட்டுகள் வந்தன. நோட்டில் ஒட்டினேன். ஒட்டிய பிறகு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் யாருடைய மகள் என்பதை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. இருபது வருஷம் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருடைய மகள். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, அட்டை டிக்கெட்டுகளை நம்பர் வரிசையாக அடுக்கிக் கொடுத்து வளர்ந்தவள். பாலத்தடியில் இரண்டாம் வகுப்பு டிக்கெட் வாங்குவது யார்? சந்தைக்குப் போகிற பெண்கள் நாலாம் வகுப்பில் கூடையோடு ஏறுவார்கள். ஒன்பது வருஷத்தில் அந்த ரயிலடியில் நம்மைத் தவிர யாரும் இரண்டாம் வகுப்பு கேட்டு நான் பார்த்ததில்லை. ஸ்டேஷன் மாஸ்டரே நம்மைக் கண்டால்தான் அந்த வகுப்பு டிக்கெட் பெட்டியைத் தூசி தட்டித் திறப்பார்.

இப்போது கேளுங்கள். நீங்கள் அனுப்பியவை 318, 319, 320. சரி, தனியாகப் போயிருக்கிறீர்கள், சந்தோஷம். அடுத்தது 322. அதற்கடுத்தது 324. பிறகு 326. நடுவில் இருக்கிற 321, 323, 325 எங்கே போயின? ஏப்ரல் இருபதிலிருந்து வாராவாரம் உங்களோடு இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து வருகிறவர் யார்?

முதல் நாள் படித்தபோது கோபம் வரவில்லை. நான்தான் தப்பாகப் படித்தேனோ என்று நம்பர்களை மறுபடி மறுபடி எண்ணினேன். இரண்டாம் நாள்தான் கோபம் வந்தது. தனியாகப் பேசிக்கொண்டு நடக்கிறேன் என்று எழுத உங்களுக்கு எப்படி மனது வந்தது?

சீ சாவுக்குப் பெண் குழந்தை என்று இத்தனை விவரமாக எழுதியவர், அது யாருடைய சாயல் என்று எழுதவில்லை. இதை எழுதியதற்கு நானே வெட்கப்படுகிறேன். ஆனாலும் எழுதியதை அடித்து அழிக்க மாட்டேன். நீங்களும் படித்து வெட்கப்படுங்கள்.

அந்த நீலக் கட்டம் போட்ட கூறைநாட்டுப் புடவை, நான் நடக்கும்போது கட்டுவேனே, அது பெட்டியில் பத்திரமாக இருக்கிறதா? பாச்சை அரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏனோ அதன் ஞாபகமாக இருக்கிறது.

பொலேத்

*

சைகோன்,
14 ஜூலை 1947

அன்புள்ள பொலேத்,

இன்று விடுமுறை. துறைமுகத்தில் அணிவகுப்பு. நான் போகவில்லை, உன் கடிதத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ ரயில்வேயில் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள். விஷயம் இதுதான். ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார முசே ஒருவர் இப்போது பாலத்தடியில் ஏறுகிறார். அவர் எனக்கு முன்னால் டிக்கெட் வாங்கிவிடுகிறார், அதனால் நம்பர் தள்ளிப் போகிறது. அதிகம் பேச மாட்டார். வண்டியில் தூங்கிவிடுவார். இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இந்த முறை டிக்கெட் அனுப்ப முடியவில்லை. கருப்பையா அண்ணன் இனிமேல் திருப்பித் தர முடியாது என்கிறார். மேலே இருந்து உத்தரவாம்.

புடவை பெட்டியில் இருக்கிறது. நாப்தலின் உருண்டை போட்டிருக்கிறேன்.

தயவுசெய்து டிக்கெட் நம்பரையெல்லாம் கடிதத்தில் எழுதாதே. கடிதங்கள் பல கை மாறி வருகின்றன. உறையின் ஓரம் பிரித்து ஒட்டியிருப்பதை நீயும் கவனித்திருப்பாய்.

அம்மா இரண்டு அடி எடுத்து வைத்தார் என்றால் எழுது.

கஸ்தோன்

*

காரைக்கால்,
18 ஆகஸ்ட் 1947

முசே கஸ்தோன் அவர்களுக்கு,

மூன்று நாளாக வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெடிச் சத்தம். அங்கே இந்தியாவுக்குச் சுதந்திரம். இந்தப் பக்கம் நாம் இன்னும் பிரான்சு. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லை வரை ஓடிப் போய் மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு வந்தார்கள். எனக்கு எந்தப் பக்கமும் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

காரணம் அஷ்ரஃபுன்னிசா. தோங் தூ பள்ளிவாசலுக்கு எதிரே துணிக்கடை வைத்திருக்கிறாரே கிதிர் முகம்மது அண்ணன், அவருடைய மனைவி. பிரசவத்துக்காக முந்தின கப்பலில் ஊருக்கு வந்தவள், என் அம்மாவைப் பார்க்க வந்தாள். என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீ இங்கெயா இருக்கெ? ஜூன்லெ ஒன்னெ சைகோன் ரயிலடியிலெ பாத்தேனே" என்றாள்.

"என்னையா?"

"ஆமா. உம் மாப்பிள்ளெயோட வெளியெ வந்தே. மூஞ்சி தெரியலெ, முக்காடு போட்டிருந்தே. கூப்புட்டேன், நீ திரும்பலெ. என்ன கோவமோன்னு நெனச்சேன்."

பின்னாலிருந்து பார்த்து எப்படி நான் என்று முடிவு கட்டினாய் என்று கேட்டேன். புடவை என்றாள். நீலக் கட்டம். கீழ்ப்பக்கக் கரையில் சிவப்பு நூலால் தையல். பிரம்பு முள் கிழித்த அன்று நீல நூல் கிடைக்காமல் சிவப்பு நூலால் நான் தைத்த தையல். அந்தத் தையலோடு உலகத்தில் இரண்டு புடவை இருக்க முடியாது.

அவள் காபி குடித்துவிட்டுப் போகிறவரை சிரித்த முகமாக இருந்தேன். பிறகு கொல்லைப் பக்கம் போய் அழுதேன்.

பெட்டியில் இருக்கிறது, நாப்தலின் போட்டிருக்கிறேன் என்று எழுதினீர்கள். ரப்பர் தோட்டத்து முசே என்று எழுதினீர்கள். தோட்டத்து வெள்ளைக்காரன் சொல்தா வண்டி துணைக்கு வர மோட்டாரில் போவானே தவிர, பாலத்தடியில் உங்களோடு ரயிலேற மாட்டான். கருப்பையா அண்ணன் என் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர். எனக்கு ஒரு டிக்கெட் தர மாட்டேன் என்று அவர் வாயில் வராது. ஒரு பொய்யாவது ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம்.

வாசலில் இருக்கிற சொல்தாவிடம் அவளை யார் என்று சொல்லி வெளியே கூட்டி வருகிறீர்கள்? மதாம் என்றுதானே? என் புடவையைக் கட்டிக்கொண்டு, என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, என் பெயரில் வெளியே வருகிறவள் யார்? அவளும் அந்தக் கல்லில் உட்காருகிறாளா? இதற்குப் பதில் எழுதுங்கள். இல்லையென்றால் கருப்பையா அண்ணனுக்கே எழுதிக் கேட்பேன்.

பாதுகாப்புக்காக என்னை அனுப்பினீர்கள். யாருடைய பாதுகாப்புக்கு என்று இப்போது புரிகிறது.

பொலேத்

*

சைகோன்,
29 செப்டம்பர் 1947
(கிதிர் முகம்மது அண்ணன் மூலம், கையில்)

என் பொலேத்,

இது தபாலில் வரவில்லை, பிள்ளையைப் பார்க்க ஊருக்கு வருகிற கிதிர் முகம்மது அண்ணன் கையில் வருகிறது. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

நீ எழுதியது எல்லாம் சரி. உன் புடவை கட்டிய பெண் என்னோடு வருகிறாள். ஆனால் ஒருத்தி இல்லை. இதுவரை ஏழு பேர்.

ஏப்ரல் இருபதாம் தேதி ஓடைக்கரைக்கு வந்தபோது சீ சாவ் படகில் சுருண்டு கிடந்தாள். வலி எடுத்து இரண்டு நாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று அவள் மாமியார் சொன்னாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தை மாதத்திலிருந்து தடை. ஆண்கள் காட்டுக்குள் போன ஊர்கள் என்று, அங்கிருந்து யாருக்கும் சைகோனுக்கு டிக்கெட் கிடையாது. மருத்துவச்சி ஓடிப்போய்விட்டாள். பாலத்தடியில் நிற்கிற சொல்தாக்கள் சீ சாவை இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

என் கையில் சோற்றுப் பாத்திரம் இருந்தது. அது உன் நீலப் புடவையில் சுற்றியிருந்தது. நீ இல்லாமல் நடக்கிறோமே என்று முதல் வாரத்திலிருந்து அதை எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்தப் புடவையை அவளுக்குக் கட்டினேன். எனக்குக் கொசுவம் வைக்கத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் நீ கட்டுவதைப் பார்த்தவன், ஒன்றும் கைக்கு வரவில்லை. நாலு தரம் அவிழ்ந்தது. அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு. முக்காடு போட்டு, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டாம் வகுப்பில் இரண்டு டிக்கெட் எடுத்து நீட்டினார். சொல்தா, உன் மனைவியா என்று கேட்டான். ஆமாம் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சைகோனில் இறங்கி, பக்கத்துச் சோலோனில் ஒரு கிழட்டு மருத்துவச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவள் நோட்டைத் திறந்து தாயின் பெயர் என்ன என்றாள். நிஜப் பெயரைச் சொல்ல முடியுமா? பொலேத் என்றேன்.

அடுத்த ஞாயிறு சீ சாவின் நாத்தனார் நிறைமாதத்தோடு கரையில் காத்திருந்தாள். பிறகு இன்னொருத்தி. மருத்துவச்சி நோட்டில் எல்லோருக்கும் உன் பெயர்தான். நான் என்ன செய்ய? திரும்பி ஊருக்குப் போகிறவர்களை யாரும் சோதிப்பதில்லை, நாலாம் வகுப்பில் போய்விடுகிறார்கள். சீ சாவ் புடவையைத் துவைத்து அடுத்த வாரத்துக்கு வைத்திருப்பாள். ஆறு பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஒன்று தங்கவில்லை.

உன்னிடம் மறைத்ததற்குத் தபால் மட்டும் காரணமில்லை. நமக்கு மூன்று தரம் தங்காமல் போனதற்குப் பிறகு, பிள்ளை என்ற பேச்சை உனக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சீ சாவ் பற்றி ஒரு வரி எழுதவே ஒரு வாரம் ஆயிற்று.

இப்போது வந்திருக்கிற ஆபத்தைச் சொல்கிறேன். கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற ஆபீசில் தமிழ்க் கடிதங்களுக்கு வைத்திருக்கிற ஆள் மிஷேல். உங்கள் தெரு ஒடெட்டின் தம்பி. போன வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினான். உன் கடிதங்களின் நகல் அவன் மேசையில் இருந்தது.

"அஞ்சு மாசமா ஒம் பொண்டாட்டி கடுதாசியப் படிக்கிறேன் கஸ்தோன். அடுத்தது எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டான். "நம்பர் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். பாலத்துக்கு அந்தாண்ட தடை போட்ட ஊரு. ஒம் பொண்டாட்டி காரைக்கால்ல இருக்கு. அப்ப இங்க மதாம்னு வெளில வர்றது யாரு? வப்பாட்டின்னா சொல்லிடு, சிரிச்சிட்டு விட்டுடறேன். வேற எதுனா இருந்தா நான் மேல அனுப்பணும்."

வப்பாட்டிதான் என்றேன்.

"அப்படியா? பாப்போம். ஒன்னவிட ஒம் பொண்டாட்டிக்கு நல்லாத் தெரியும். அது அடுத்த கடுதாசில என்ன எழுதுதுன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றான்.

ஆக, நான் கேட்பது இதுதான். நீ தபாலில் ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் உன்னை ஏமாற்றிவிட்டேன், எனக்கு ஒருத்தி இருக்கிறாள், உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று. அவன் நம்பாவிட்டால் நான் சிறைக்குப் போவேன், அது போகட்டும். மருத்துவச்சியும் அந்தப் பெண்களும் என்ன ஆவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊர் முழுக்க உன்னைப் பாவம் என்று பார்க்கும். அதை உன்னால் தாங்க முடியாது என்பதும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அந்தக் கல்லில் யாரும் உட்காரவில்லை.

கஸ்தோன்

*

காரைக்கால்,
3 நவம்பர் 1947
(தபாலில்)

முசே கஸ்தோன்,

இனி உங்களுக்கு அத்தான் என்று எழுதக் கை வராது. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. விதவையாமே. மாயவரத்துக்காரியாமே. புருஷன் பட்டாளத்தில் செத்து அங்கேயே தங்கிவிட்டவளாமே. பியன் ஹோவாவில் வீடு பார்த்துக் குடிவைத்திருக்கிறீர்கள். பெரிய ரயிலடியில் ஏறினால் நம்மவர் கண்ணில் படும் என்று, பாலத்தைத் தாண்டி நடந்து வந்து பாலத்தடியில் காத்திருக்கிறாள். நீங்கள் காடு சுற்றிவிட்டு வருகிறவர்போல அங்கே போய்ச் சேருகிறீர்கள். என்ன ஏற்பாடு. இந்த மூளையை ஆபீஸில் காட்டியிருந்தால் இந்நேரம் பெரிய உத்தியோகம் ஆகியிருக்கும்.

நேற்று கல்லறைத் திருநாள். சைகோனில் கிடக்கிற அப்பாவை நினைத்து இங்கே கல்லறைத் தோட்டத்துச் சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, உங்கள் மருமகன் எப்படி என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. கேட்கட்டும்.

அவள் என்னைவிட நிறமா? என்னைவிட வேகமாக நடப்பாளா? ஆறு மைல் நடந்த பிறகும் பாட்டுப் பாடுவாளா? அட்டை கடித்தால் கத்துவாளா, அல்லது நீங்கள் குனிந்து எடுக்க வேண்டும் என்று காலை நீட்டுவாளா? அவளுக்குக் கொசுவம்கூட நீங்களே வைத்துவிடுகிறீர்களாம். எனக்கு ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் ஒரு ஊசி எடுத்துக் கொடுத்ததில்லை. இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மற்றதையெல்லாம் மன்னித்தாலும் இதை மன்னிக்க மாட்டேன்.

நீலத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும். நாளைக்குப் பச்சையில் ஒன்று எடுத்துக் கொடுப்பீர்கள், எனக்குத் தெரியாதா உங்களை. ஊரறிந்த பிறகு வெட்கம் என்ன, வாராவாரம் புதுசு புதுசாகக் கட்டி அழைத்து வாருங்கள்.

இந்தக் கடிதத்தை நடுவில் பிரித்துப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், அவருக்கு அக்கா தங்கை இருந்தால், என் புருஷனைக் கண்ட இடத்தில் நாலு கேள்வி கேட்கட்டும். வேறு எந்தத் தண்டனையும் எனக்கு வேண்டாம். அவர் சம்பளம் வந்தால்தான் என் அம்மாவுக்கு மருந்து.

பொலேத்

*

காரைக்கால்,
6 நவம்பர் 1947
(கிதிர் முகம்மது அண்ணன் மூலம், கையில்)

அத்தான்,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடச் சொன்னீர்கள். எட்டு நாள் போடவில்லை. திரும்பத் திரும்ப எடுத்துப் படித்துத் திரும்பத் திரும்பக் கோபப்பட வேண்டியிருந்தது. இன்று காலையில்தான் போட்டேன்.

நீங்கள் கேட்ட கடிதம் திங்கட்கிழமைத் தபாலில் போய்விட்டது. அது மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. மிஷேல் நம்மூர்க்காரன், அக்காவுக்கு எழுதிக் கேட்பான். அதனால் ஒடெட் வீட்டுக்குப் போய் அவள் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் ஆரம்பித்தேன், நிஜமாகவே வந்துவிட்டது. அவள் எனக்கு மோர் கொடுத்து, "ஆம்பளைங்கன்னாலே இப்படித்தான்டி" என்று தலையைத் தடவினாள். அந்தத் தடவலுக்கு உங்களை நான் என்ன செய்தாலும் தகும். சாமியார் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அம்மா சாப்பிட மாட்டேன் என்று இரண்டு நாள் கிடந்தாள். அவளிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை, அவள் வாய் நமக்குத் தெரியும். கோவிலில் பெண்கள் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்காருகிறார்கள். போன மாதம்வரை கடல் தாண்டிப் போய் வாழ்ந்தவள் என்று பொறாமைப்பட்டவர்கள்.

பரவாயில்லை என்று எழுத மாட்டேன். பரவாயில்லாமல் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மறைத்தீர்கள் என்பதற்காக நானும் மறைக்க மாட்டேன். உங்களுக்கு ஒருத்தி இல்லை என்று தெரிந்ததும் என் பொறாமை போய்விடும் என்று நினைத்தீர்களா? போகவில்லை. ஏழு மடங்காகிவிட்டது. என் புடவையைக் கட்டிக்கொண்டு, என் பெயரை எழுதிக்கொண்டு, ஏழு பெண்கள் எனக்குத் தங்காததைப் பெற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆறு பிள்ளைகளின் தாய் என்று அந்த மருத்துவச்சியின் நோட்டில் என் பெயர் இருக்கிறது, என் மடியில் ஒன்றும் இல்லை. அதை நினைத்து இரண்டு ராத்திரி அவர்கள் எல்லோரையும் வெறுத்தேன். சீ சாவை அதிகமாக வெறுத்தேன். மூன்றாம் நாள் அந்தத் தங்காத ஒன்று ஞாபகம் வந்தது. அந்தத் தாய் எப்படி வீடு திரும்பினாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். அன்றைக்கு அவளோடு நாலாம் வகுப்பில் உட்கார்ந்து வர நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

அதனால் மருத்துவச்சி கேட்டால் பொலேத் என்றே சொல்லுங்கள். வேறு யார் பெயரையும் சொல்ல வேண்டாம். அம்மா நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தாள். பங்குனிக்குள் கப்பலேறப் பார்க்கிறேன். அதுவரை டிக்கெட்டுகளை எடுத்து வையுங்கள், இரண்டையும். ஒற்றைப்படை நம்பர்களுக்கு நோட்டில் இடம் விட்டு ஒட்டியிருக்கிறேன்.

கிதிர் முகம்மது அண்ணனிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். பச்சைக் கட்டம் போட்ட கூறைநாட்டுப் புடவை. நீலம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, இனி ஆகாது. பச்சை எடுத்துக் கொடுப்பீர்கள் என்று தபாலிலேயே எழுதிவிட்டேன், ஆகையால் மிஷேல் ஆச்சரியப்பட மாட்டான். நிறைமாதக்காரிகளுக்கு என்று தளர்வாகவே வைத்திருக்கிறேன்.

கட்டுவது எப்படி என்று கவலைப்பட வேண்டாம். கொசுவத்தை மடித்து, நாடா வைத்து, பாவாடையோடு சேர்த்து மூன்று வரிசை தைத்துவிட்டேன். முந்தானையை முக்காடு அளவுக்கு விட்டுத் தோளில் பொத்தானும் வைத்திருக்கிறேன். அவர்களே காலை நுழைத்து மேலே இழுத்து நாடாவை முடிந்துகொள்ளலாம். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும்.

உங்கள்
பொலேத்